வயர் முனைக்கு லக், கனெக்டர் போடுவது: அளவு எடுப்பதில் இருந்து லோடு கொடுத்துப் பார்ப்பது வரை

லூஸ் கனெக்‌ஷன் என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிற கோளாறுகளில் பல, ஸ்க்ரூவை முடுக்காமல் விட்டதால் வந்தவை அல்ல. வயருக்குப் பொருந்தாத லக் (வயர் நுனியில் அழுத்திப் பொருத்தி, போல்ட்டில் மாட்டும் உலோக முனை), உலோகம் மாறிப்போன லக், கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக், வாஷர் இடம் மாறிய போல்ட் என்று காரணம் முன்னாலேயே உள்ளே உட்கார்ந்திருக்கும். அதற்கு மேல் எவ்வளவு முடுக்கினாலும் சரியாகாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 3 கிலோவாட் கீசர் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். அதன் இணைப்பில் வெறும் 0.05 ஓம் தடை இருந்தால், அந்த இடத்தில் மட்டும் 8 வாட்டுக்கு மேல் சூடு உண்டாகும். விரல் நுனி அளவு இடத்தில் அவ்வளவு சூடு. சூட்டில் செம்பு கறுக்கும், கறுத்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் ஏறும். எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக இறங்கும் சுவிட்ச்) இதைக் கண்டுபிடிக்காது. ஓடுவது அதே 13 ஆம்பியர்தானே.

வீட்டு டிபி பாக்ஸ் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி), மோட்டார் ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர் பேட்டரி ஆகிய மூன்று இடங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மீட்டருக்கு முன்னால் உள்ள பகுதி மின் வாரியத்தினுடையது. அங்கே கை வைக்க வேண்டாம். மீட்டருக்குப் பின்னால் உள்ள வேலையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டியது. கற்றுக்கொள்பவர்கள் அவர் கூட இருந்து செய்யுங்கள்.

1. கடைக்குப் போகும் முன் மூன்று அளவு

முதல் அளவு வயருடையது. மேலே அச்சாகியிருக்கும் ஸ்கொயர் எம்எம், அதாவது உள்ளே உள்ள கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்புதான் கணக்கு. சுருக்கமாக ஸ்கொயர் என்பார்கள். தோலோடு சேர்த்துத் தடிமனைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, ஏனென்றால் தோலின் தடிமன் வயருக்கு வயர் மாறும்.

பழைய வீடுகளில் 3/20, 7/20 என்று சொல்லும் வயர்கள் இருக்கும். அதாவது 20 கேஜ் கம்பி மூன்று, அல்லது ஏழு. 3/20 ஏறக்குறைய 2 ஸ்கொயர், 7/20 ஏறக்குறைய 4.6 ஸ்கொயர். இவற்றுக்கு நேர் அளவில் லக் கிடைக்காது. 3/20க்கு 2.5 ஸ்கொயர் லக் சரி. 7/20 என்பது 4க்கும் 6க்கும் நடுவில் நிற்கிறது, போட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, போல்ட்டின் விட்டம். லக்கில் 16-8 என்று குத்தியிருந்தால் 16 ஸ்கொயர் வயருக்கு, 8 எம்எம் போல்ட்டுக்கு என்று பொருள். புதியவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். “பதினாறுக்கு ஒரு லக் கொடுங்கண்ணே” என்று கேட்டால் கடையில் எந்த ஓட்டை இருக்கிறதோ அது வரும். 6 எம்எம் போல்ட்டில் 10 எம்எம் ஓட்டை லக்கைப் போட்டால் தொடும் பரப்பு வெகுவாகக் குறையும். மேலே வாஷர் மூடிவிடுவதால் பார்வைக்குத் தெரியவும் தெரியாது. சின்ன ஓட்டையை டிரில் போட்டுப் பெரிதாக்குவதும் அதே குறைதான். ஓட்டையைச் சுற்றியுள்ள உலோகம்தான் மின்சாரம் கடக்கிற வழி.

மூன்றாவது, டெர்மினலின் அகலம். ஸ்டார்ட்டரிலும் கான்டாக்டரிலும் (மோட்டாருக்குப் போகும் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த சுவிட்ச்) இரு பக்கமும் பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். லக்கின் தலை அகலமாக இருந்தால் உள்ளே இறங்காது. அப்போதுதான் பலர் லக்கின் ஓரத்தை அரத்தால் தேய்க்க ஆரம்பிக்கிறார்கள். ஸ்கேல் வைத்து முன்பே அளந்திருந்தால் அந்த வேலையே இல்லை.

நுனியில் தோல் உரித்த ஒரு துண்டு வயரையும் அந்த போல்ட்டையும் பையில் எடுத்துப் போங்கள். வயர் லக்கின் குழாய்க்குள் எல்லா இழைகளோடும் நுழைய வேண்டும், உள்ளே ஆடவும் கூடாது.

2. உலோகம் மாறக் கூடாது

செம்பு வயருக்குச் செம்பு லக், அலுமினியக் கேபிளுக்கு அலுமினிய லக். சொல்ல எளிது, கடையில் குழப்பம் வரும். நல்ல செம்பு லக்கின் மேல் வெள்ளீயப் பூச்சு இருப்பதால் அதுவும் வெள்ளையாகத்தான் இருக்கும். அலுமினியமும் வெள்ளை. கையில் எடுத்தால் எடை காட்டிக் கொடுக்கும், செம்பு நன்றாகக் கனக்கும். சந்தேகம் தீராவிட்டால் குழாய் ஓரத்தில் பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். செந்நிறம் தெரிந்தால் செம்பு.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? செம்பும் அலுமினியமும் ஈரத்தோடு நேரடியாகத் தொட்டால் அலுமினியம் அரிக்கப்படும். சூட்டில் அலுமினியம் செம்பை விட அதிகமாக விரியும். அழுத்தத்தில் மெதுவாக நசுங்கி விலகும் குணமும் அதற்கு உண்டு. போட்ட அன்று இரும்புப் பிடியாக இருந்த இணைப்பு சில மாதங்களில் தளர்வது இப்படித்தான்.

ஆனால் இரண்டும் சந்திக்கிற இடம் நம் ஊரில் ஏராளம். மீட்டரில் இருந்து வரும் கேபிள் அலுமினியம், மெயின் சுவிட்ச்சின் டெர்மினல் செம்பு அல்லது பித்தளை. தோட்டத்தில் ஸ்டார்ட்டர் வரை அலுமினியக் கேபிள், அதற்கு அப்புறம் செம்பு. இந்த இடங்களுக்குத்தான் பைமெட்டல் லக். குழாய்ப் பகுதி அலுமினியம், போல்ட்டில் உட்காரும் பகுதி செம்பு, இரண்டையும் தொழிற்சாலையிலேயே ஒட்டியிருப்பார்கள். விலை கூடத்தான். கேபிளுக்கு அவ்வளவு செலவு செய்துவிட்டு முனையில் மிச்சம் பிடிப்பது எனக்குச் சம்மதமில்லை.

அலுமினியத்தில் இன்னொரு தொல்லை, உரித்த சற்று நேரத்திலேயே மேலே ஒரு ஆக்சைடு படலம் பிடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, மின்சாரத்தை மட்டும் தடுக்கும். லக் போடும் முன் கம்பி பிரஷால் தேய்த்து, தேய்த்த கையோடு ஆக்சைடு தடுப்பு பேஸ்ட்டைத் தடவி உள்ளே செருக வேண்டும். சில அலுமினிய லக்குகளில் பேஸ்ட் உள்ளேயே நிரப்பி மூடி போட்டிருக்கும். அழுக்கு என்று நினைத்து அதைத் துடைத்து எறிந்துவிடுகிறார்கள். அது அங்கேயே இருக்க வேண்டும்.

3. எந்த இடத்துக்கு எந்த முனை

அதிர்வு உள்ள இடத்தில் வட்ட லக். மோட்டார் டெர்மினல் பாக்ஸ், ஜெனரேட்டர், பேட்டரி எல்லாம் இதில் சேரும். நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் வட்டம் போல்ட்டை விட்டு வெளியே வராது.

ஸ்க்ரூவை முழுதாகக் கழற்ற முடியாத டெர்மினலுக்கு யு வடிவ லக். வசதியானது, ஆனால் தளர்ந்தால் நழுவும். மோட்டாரில் யு லக் பார்த்தால் நான் கழற்றி வட்டமாக மாற்றிவிடுவேன்.

எம்சிபி, ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் இறங்கும் சுவிட்ச்), நியூட்ரல் லிங்க் (நியூட்ரல் வயர்கள் சேரும் பட்டை), எனர்ஜி மீட்டர் போன்ற, ஓட்டைக்குள் வயரைச் செருகி மேலே ஸ்க்ரூ முடுக்கும் டெர்மினல்களுக்குக் குழாய் முனை. கடையில் எண்ட் ஸ்லீவ் என்றோ ஃபெருல் என்றோ கேளுங்கள். இன்றைய வீட்டு வயர்கள் மெல்லிய இழைகளால் ஆனவை. 2.5 ஸ்கொயர் வயரில் 0.3 எம்எம் இழை 36 இருக்கும். ஸ்க்ரூ நேரடியாக அவற்றின் மேல் திரும்பும்போது சில இழைகள் அறுபடும், சில பக்கவாட்டில் ஒதுங்கும். எண்ட் ஸ்லீவ் எல்லா இழைகளையும் கட்டி ஒரே கம்பியாக்கிவிடுகிறது. இரண்டு வயர் ஒரே டெர்மினலுக்குப் போக வேண்டுமானால் இரட்டை வயருக்கான ஸ்லீவ் தனியாக உண்டு.

நிறத்தைப் பார்த்து வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. பிளாஸ்டிக் கழுத்து வைத்த வட்ட, யு லக்குகளில் சிவப்பு 0.5 முதல் 1.5 ஸ்கொயர் வரை, நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. இது நிலையானது. எண்ட் ஸ்லீவில் நிறக் கணக்கு வேறு. ஜெர்மன் முறையில் 1 ஸ்கொயர் சிவப்பு, 1.5 கறுப்பு, 2.5 நீலம், ஆனால் 10 ஸ்கொயரும் சிவப்புதான். நிறத்துக்கு வேறு முறைகளும் புழக்கத்தில் உள்ளன. அதனால் ஸ்லீவை எண் பார்த்து மட்டும் வாங்குங்கள்.

இரண்டு வயரை நடுவில் சேர்க்க, ஜங்ஷன் பாக்ஸுக்குள் லீவர் கனெக்டர் நல்லது. வாகோ நிறுவனத்தின் 221 வரிசையில் 4 ஸ்கொயர் வரை பிடிப்பவற்றுக்கு 11 எம்எம் தோல் உரிக்க வேண்டும், அளவு கனெக்டரின் உடம்பிலேயே இருக்கும். லீவர் இல்லாமல் வயரை அப்படியே குத்திச் செருகும் வகையும் கடையில் அருகிலேயே தொங்கும். அது ஒற்றைக் கம்பி வயருக்கானது. நம் வீட்டு மெல்லிழை வயர் அதில் மடங்கிப் போகும், பிடி கிடைக்காது. கீசர் பக்கம் என்றால் பிளாஸ்டிக் கனெக்டர் பட்டை வேண்டாம், பீங்கான் கனெக்டர் வாங்குங்கள்.

4. கருவி

கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக் பார்க்கத் தட்டையாக, இறுக்கமாகத் தெரியும். உள்ளே இரண்டு ஓரங்களிலும் இடைவெளி இருக்கும். இழைகள் ஒன்றோடொன்று நெருங்கி, காற்றுப் புகாதபடி ஒரே கட்டியாக மாறினால்தான் அது கிரிம்ப். சுத்தியலும் உளியும் வைத்து அடிப்பதும் இதே கதைதான்.

சிறிய லக்குக்கு ராட்செட் கிரிம்பிங் டூல் வாங்குங்கள். முழுதாக அழுத்தாமல் வாய் திறக்காது, அரைகுறை அழுத்தத்துக்கு வழியே இல்லை. எண்ட் ஸ்லீவுக்கு அதற்கென்று தனி டூல், லக் டூலின் தாடை அதற்கு உதவாது. 10 ஸ்கொயருக்கு மேல் அறுகோண டை (அழுத்தும் அச்சு) வைத்த ஹைட்ராலிக் டூல் நல்லது. வருடத்தில் இரண்டு முறை வரும் வேலைக்கு அதைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, தெரிந்த பேனல் போர்டு கடையில் கேபிளைக் கொண்டுபோய் அழுத்தி வாங்கி வாருங்கள்.

இவற்றோடு வயர் ஸ்ட்ரிப்பர், மல்டிமீட்டர், ஹீட் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழாய்), கம்பி பிரஷ், நிரந்தர மார்க்கர்.

5. சப்ளையை நிறுத்துங்கள், நின்றதா என்று பாருங்கள்

மெயினை இறக்கினால் போதும் என்று நினைப்பது இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஆபத்து. மெயின் போனவுடன் இன்வெர்ட்டர் தானாக ஏறிக்கொள்ளும், அதன் லைன்கள் டிபி பாக்ஸுக்குள்தான் வருகின்றன. அதனால் முதலில் இன்வெர்ட்டரை அணைத்து அதன் வெளியீட்டைப் பிரியுங்கள், அப்புறம் மெயின். கூரையில் சோலார் இருந்தால் அதன் ஐசொலேட்டரும் (இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்). மெயினில் ஒரு காகிதம் ஒட்டி வையுங்கள், வீட்டில் யாராவது “கரண்ட் போச்சே” என்று ஏற்றிவிடக் கூடாது.

டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். மல்டிமீட்டரால் பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் பாருங்கள். மல்டிமீட்டர் வேலை செய்கிறதா என்பதை உயிருள்ள ஒரு பிளக்கில் முன்னும் பின்னும் சரிபாருங்கள்.

6. தோல் உரித்தல்

உரிக்க வேண்டிய நீளம் லக்கின் குழாய் நீளத்தை விட 1 அல்லது 2 எம்எம் அதிகம். எண்ட் ஸ்லீவ் என்றால் அதன் உலோகக் குழாயின் நீளமே சரியாக இருக்கும். குறைவாக உரித்தால் தோலும் சேர்ந்து குழாய்க்குள் போய், பிளாஸ்டிக்கின் மேல் கிரிம்ப் விழும். அதிகமானால் வெறும் கம்பி வெளியே நிற்கும்.

பிளேடைச் சுற்றி உருட்டி உரித்தால் வெளி இழைகளில் கீறல் விழும். கீறிய இழை பின்னால் அசைவில் அங்கேயே ஒடியும். ஸ்ட்ரிப்பரில் சரியான பள்ளத்தைத் தேர்ந்து ஒரே இழுப்பில் உரியுங்கள்.

வயர் லக்குக்குள் போகவில்லை என்று நாலு இழையை வெட்டிவிடுவது நான் அதிகம் பார்க்கும் தவறு. 36 இழையில் 6 போனால் ஆறில் ஒரு பங்கு செம்பு போய்விட்டது. லக்தான் மாற வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, லக் பெரிதாக இருக்கிறது என்று கம்பியை இரண்டாக மடித்துத் திணிப்பது. மடித்த கம்பி உள்ளே சமமாக நிரம்பாது.

நுனியில் ஈயம் வைத்து ஸ்க்ரூவின் கீழ் கொடுக்கிற பழைய பழக்கத்தையும் விடுங்கள். ஈயம் மெத்தென்ற உலோகம், அழுத்தத்தில் மெல்ல விலகும், ஸ்க்ரூ தானாகவே லூஸாகிவிடும்.

ஹீட் ஸ்லீவ் போடுவதானால் இப்போதே வயரில் கோத்துவிடுங்கள். லக் அழுத்திய பிறகு அது உள்ளே போகாது.

7. கிரிம்ப்

பிளாஸ்டிக் கழுத்துள்ள லக்கில், லக்கின் நிறமும் டூலில் உள்ள புள்ளியின் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும். வயர் நுனி குழாயைத் தாண்டி போல்ட் பக்கம் 1 எம்எம் எட்டிப் பார்க்கட்டும். அதற்கு மேல் நீண்டால் வாஷர் அதன் மேல் ஏறி, லக் சாய்ந்து உட்காரும்.

வெறும் உலோக லக்கில் குழாய் ஓரத்தில் ஒட்டுக்கோடு தெரியும். பல் பதிக்கும் வகை டூலில், பல் அந்தக் கோட்டுக்கு எதிர்ப்பக்கம் விழ வேண்டும். கோட்டின் மேலேயே அழுத்தினால் வாய் பிளந்துகொள்ளும்.

பெரிய குழாய் லக்கின் கழுத்தில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கலாம். வயர் அடி வரை போய்விட்டதா என்று பார்ப்பதற்கு அது. அதில் செம்பு தெரியும் வரை தள்ளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட அழுத்தம் தேவை என்றால் போல்ட் பக்கத்தில் ஆரம்பித்து வயர் பக்கம் வாருங்கள். அழுத்தும்போது குழாய் நீளும், அந்த நீட்சி திறந்த வாய் வழியாகப் போய்விடும்.

அழுத்தி முடித்ததும் இரு ஓரத்திலும் மெல்லிய சிறகு போல உலோகம் பிதுங்கியிருந்தால் டை சிறியது. டை முழுதாக மூடிய பிறகும் லக் சுழல்கிறது என்றால் டை பெரியது. இரண்டிலும் வெட்டி எறிந்து புது லக் போடுங்கள். ஒருமுறை அழுத்திய லக்கை விரித்து மறுபடி பயன்படுத்தக் கூடாது. இதற்காகவே முதலில் வயரை ஓர் அரை அடியாவது கூடுதலாக விட்டு வையுங்கள்.

8. இழுத்துப் பாருங்கள்

ஒவ்வொரு லக்கையும், ஒன்றைக்கூட விடாமல். ஒரு கையில் லக், மறு கையில் வயர், அழுத்தமாக நேராக இழுக்க வேண்டும். துளி நகர்ந்தாலும் தோல்வி. போல்ட்டில் மாட்டிய பிறகு இந்தச் சோதனையைச் சரியாகச் செய்ய முடியாது என்பதால்தான் இதை இந்த இடத்தில் வைத்திருக்கிறேன்.

9. டெர்மினலில் மாட்டுதல்

போல்ட்டில் வரிசை இது: லக்கின் தட்டைப் பக்கம் டெர்மினலின் உலோகத்தின் மேல் நேராக உட்கார வேண்டும். அதற்கு மேல் தட்டை வாஷர், அதற்கு மேல் ஸ்பிரிங் வாஷர், கடைசியில் நட்டு. லக்குக்கும் டெர்மினலுக்கும் நடுவில் எந்த வாஷரும் வரக் கூடாது. பொருத்தி முடித்த பிறகு வாஷர் ஒன்று மிஞ்சியதைப் பார்த்து, கழற்றி அடியில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்த வாஷர் துத்தநாகம் பூசிய இரும்பு, அப்போது மின்சாரம் முழுவதும் அதன் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும். அங்கே கருகும்.

ஒரே போல்ட்டில் இரண்டு லக் வந்தால் ஒன்றைத் திருப்பிப் போட்டு, தட்டைப் பக்கங்கள் ஒன்றையொன்று தொடும்படி வையுங்கள். மூன்றாவது வேண்டாம்.

எம்சிபியில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்க்ரூவைத் திருப்பினால் உள்ளே ஒரு உலோகக் கூண்டு ஏறி இறங்கும். வயர் அந்தக் கூண்டுக்குள் போக வேண்டும். கூண்டு பாதி மூடியிருக்கும்போது செருகினால் வயர் அதன் பின்புறம் போய்விடும். ஸ்க்ரூ நன்றாக இறுகும், கைக்கும் இறுக்கம் தெரியும், வயர் மட்டும் சும்மா நிற்கும். அதனால் முதலில் ஸ்க்ரூவை முழுதாகத் தளர்த்தி, டார்ச் அடித்துக் கூண்டு திறந்திருப்பதைப் பார்த்து, வயரை விட்டு, முடுக்கி, மறுபடி இழுத்துப் பாருங்கள். தோல் ஸ்க்ரூவின் கீழ் மாட்டிக்கொள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள்.

எவ்வளவு முடுக்குவது என்பது பெரும்பாலான எம்சிபிகளின் பக்கவாட்டிலோ அட்டைப் பெட்டியிலோ நியூட்டன் மீட்டரில் இருக்கும். டார்க் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் அந்த எண்ணில் நிறுத்துங்கள். பலம் இருக்கிறதென்று முறுக்கினால் மரை கழன்று எம்சிபியே வீண். முடுக்கியதும் நட்டின் மேலும் பக்கத்து உலோகத்தின் மேலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். பின்னால் திறந்து பார்க்கும்போது கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று கையால் தொடாமலே தெரியும்.

10. இன்வெர்ட்டர் பேட்டரி தனிக் கவனம்

12 வோல்ட்டில் 800 வாட் எடுத்தால் ஏறக்குறைய 67 ஆம்பியர் ஓடும். வீட்டில் இதைவிட அதிகக் கரண்ட் ஓடும் வயர் பெரும்பாலும் இருக்காது, ஆனால் கவனம் குறைவாகக் கிடைப்பதும் இதற்குத்தான்.

இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நெகட்டிவ் லக்கை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. ஸ்பேனரின் கைப்பிடியில் டேப் சுற்றுங்கள், மோதிரம், வாட்ச் கழற்றி வையுங்கள். ஸ்பேனர் இரண்டு முனைகளுக்கும் நடுவில் விழுந்தால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும்.

பேட்டரி முனை ஈயம், மெத்தென்றது. வெள்ளைப் பொடி படிந்திருந்தால் வெந்நீரில் சோடா உப்பு கரைத்துத் துணியால் துடைத்து, உலர்த்தி, பிரஷால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குங்கள். கரைசல் பேட்டரி மூடி வழியாக உள்ளே போகக் கூடாது. லக்கை மாட்டி முடுக்கிய பிறகே வாஸ்லின். முதலில் தடவிவிட்டு மாட்டுகிறார்கள், வாஸ்லினின் வேலை வெளியில் இருந்து அமில ஆவியைத் தடுப்பது மட்டும்தான்.

11. லோடு கொடுத்துப் பார்த்தல்

மூடியைப் போட்டு, சப்ளை கொடுத்து, கீசரோ மோட்டாரோ அந்த லைனின் பெரிய லோடை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால், எலக்ட்ரீஷியன் மூடியைத் திறந்து, தள்ளி நின்று ஒவ்வொரு முனையையும் அளக்கலாம். அது இல்லையென்றால் மெயினை இறக்கி, சப்ளை இல்லை என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு, உடனே புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மூன்று பேஸ் மோட்டாரில் மூன்று முனைகளும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் குறை அந்த முனையில்தான் என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

அப்படிச் சுட்ட முனையை இன்னும் கொஞ்சம் முடுக்கிவிட்டு மூடாதீர்கள். கழற்றிப் பாருங்கள். தோல் கறுத்திருந்தால், இழைகளின் நிறம் மங்கியிருந்தால், பளிச்சென்ற செம்பு தெரியும் இடம் வரை வெட்டி, புது லக் போட்டு, ஆறாவது படியில் இருந்து மறுபடி செய்யுங்கள். டெர்மினலே நிறம் மாறியிருந்தால் அந்த எம்சிபியையோ கான்டாக்டரையோ மாற்றத்தான் வேண்டும், கருகிய டெர்மினல் புது லக்கையும் கருக்கும். வெட்டிய பிறகு வயர் எட்டவில்லை என்றால் பாக்ஸுக்குள் முறுக்கி டேப் சுற்றி நீட்ட வேண்டாம். குழாயில் புது வயர் இழுங்கள்.